சைமன் எழுதிக் கொடுத்ததெல்லாம்

எங்க சைமன் கையில எதைக் குடுத்தாலும் திருத்தாம விடமாட்டான். கோயில் நோட்டீஸ் போர்டுல ஒரு வார்த்தை தப்பா இருந்தாப் போதும், பூசை முடியிற வரைக்கும் அதையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிப்பான். நான் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிற ரிசார்ட்ல பூப் பறிக்காதீங்கன்னு இங்கிலீஷ்ல ஒரு போர்டு இருக்கு. என்னைப் பார்க்க வர்றப்பல்லாம் அது முன்னாடி நின்னு உச்சுக் கொட்டுவான். "ஏலே, அதுக்கு மேனேஜர் உனக்குச் சம்பளமா தர்றாரு? வெரசா வாடா"ன்னு நான்தான் கத்தணும்.

அம்மாவோட ஜெபத்தைக்கூட விடல அவன். சாயங்காலம் ஜெபமாலை முடிஞ்சதும் அம்மா தனியா ஒரு மன்றாட்டு ஆரம்பிக்கும். சொந்தக்காரங்க, அக்கம்பக்கம், நோயாளிங்க, ஊர்ல இருக்கிற நாய் வரைக்கும் வரும். "அம்மா, ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்ற. ஒரு தடவை போதும்"னான் ஒருநாள். அம்மா கண்ணைத் திறக்காமயே, "ஆண்டவர் என்ன உன் வாத்தியாராடா, மார்க்கைக் குறைக்கிறதுக்கு?"ன்னுச்சு. நான் சிரிச்ச சிரிப்புல அன்னைக்கு ஜெபமே நின்னுபோச்சு.

நான் ஷைலா, அவனுக்கு அக்கா. கட்டிக் குடுத்த இடத்துல வாழ முடியாம கொடைக்கானல் ஆனந்தகிரியில அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவ. அப்பா கஸ்பார் ஒரு போர்டிங் ஸ்கூல் மெஸ்ல சமையல். அம்மா மரியசெல்வத்துக்கு அதே ஸ்கூல் லாண்டரியில சோலி. வெள்ளனே அந்தத் தண்ணியில கையை விட்டா விரலெல்லாம் வெளுத்து ஊறிப் போகும், கொடைக்கானல் தண்ணி அப்படி. அந்த ஸ்கூல் பிள்ளைங்க தின்னதும் உடுத்தினதும் எங்க வீட்டுக் கையாலதான்.

சைமன் பிளஸ் டூ முடிச்சதும் இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கிறேன்னு நின்னான். ஆளாளுக்கு வாயில போட்டு மென்னாங்க. கேட்டரிங் போடுங்க, நர்சிங் போடுங்கன்னாங்க. அப்பாதான், "நம்ம ஊர்ல இங்கிலீஷ்தான் சோறு போடுது, படிக்கட்டும்"னாரு. பாவம், அவர் நெனச்சது இங்கிலீஷ் பேசுறதை. டூரிஸ்ட்டுகிட்ட நல்லாப் பேசினா ஏதாவது ஹோட்டல்ல முன்னாடி டேபிள்ல கோட்டுப் போட்டு உக்கார வச்சிருவாங்கன்னு நெனச்சிருக்காரு. இவன் படிக்கப் போனது கதையும் கவிதையும் நாடகமும். அதை அவருக்கு யாரும் வெளக்கிச் சொல்லல. நானும் சொல்லல, எனக்கே அப்பத் தெரியாது.

திண்டுக்கல்ல காலேஜ், ஹாஸ்டல். அங்க ஜெபக்குமார்னு ஒரு சார், அவருதான் எடிட்டிங்கும் கிரியேட்டிவ் ரைட்டிங்கும் எடுத்தாரு. மொதல்ல ஊரைப் பத்தி எழுதச் சொல்லியிருக்காரு. இவன் பனி, ஏரி, பைன் மரம்னு அள்ளிக் கொட்டியிருக்கான். சார் மொத்தத்தையும் அடிச்சுட்டு, "இது ரெண்டு நாள் வந்துட்டுப் போறவன் எழுதுறது. உனக்குத் தெரிஞ்சதை எழுதுடா"ன்னாராம். லீவுக்கு வந்தவன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடந்தான். அப்புறம் அம்மா கூட லாண்டரிக்குப் போய் ரெண்டு மூணு நாள் சும்மா உக்காந்திருந்தான். அம்மாவோட விரலைப் பத்தி எழுதினான். அதை சார் கிளாஸ்ல எந்திரிச்சு நின்னு படிக்கச் சொன்னாராம். போன்ல அதை என்கிட்ட ரெண்டு தடவை சொன்னான். அன்னைக்குப் பிடிச்சதுதான், எழுத்தாளனாத்தான் ஆவேன்னு. எழுதச் சொல்லிக் குடுக்கிறதுக்குன்னே எம்.ஏ. ஒண்ணு இருக்காம், ஐதராபாத் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துல. படிச்சா அங்கதான் படிக்கணும்னு அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். தண்ணி குடிக்கிறப்பவும் அதான், சோறு திங்கிறப்பவும் அதான்.

அவன் கடைசி வருஷப் பரீட்சை முடிஞ்சு வந்திருந்த மே மாசம் அம்மா செத்துப்போச்சு.

காலையில நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரியில பார்த்துட்டு உடனே கீழ கொண்டு போங்கன்னாங்க. எங்களுக்குக் கீழன்னா சமவெளி, பெரிய ஆஸ்பத்திரி, அம்புட்டுத்தான். ஆம்புலன்ஸ்ல நானும் சைமனும் ஏறினோம். சீசன், சனிக்கிழமை. சொல்லணுமா? வத்தலக்குண்டுல இருந்து மேல வர்ற கார் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத குறை. பொறுமை இல்லாதவனெல்லாம் எதிர்ப்பக்கம் புகுந்து முந்தப் பார்த்து, இறங்குற ரோட்டை அடைச்சிட்டானுங்க. வெள்ளி அருவி பக்கம் ஆம்புலன்ஸ் நின்னுபோச்சு. சைரன் அடிக்குது, ஒருத்தன் நகரல. நகர இடமும் இல்ல. அந்தப் பக்கம் சோளக்கருது தின்னுக்கிட்டு, குரங்குக்கு பிஸ்கட் போட்டுக்கிட்டு, அருவியோட போட்டோ எடுத்துக்கிட்டு நிக்குது ஜனம். சைமன் குதிச்சு இறங்கி ஓடினான். ஒவ்வொரு காரா கண்ணாடியைத் தட்டி, தமிழ்ல, இங்கிலீஷ்ல, கையெடுத்துக் கும்பிட்டு, பின்னால எடுங்க பின்னால எடுங்கன்னு கெஞ்சிக்கிட்டே போறான். கார்க்காரன் ஒருத்தன் கண்ணாடியை இறக்கி, நாங்களும்தான் நிக்கிறோம்னு சொல்லிட்டு ஏத்திக்கிட்டான்.

உள்ள அம்மா என் கையைப் பிடிச்சு, "அடுப்ப அணைச்சியா?"ன்னுச்சு. "அணைச்சிட்டேம்மா"ன்னேன். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தா அம்மா இல்ல. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல, செத்துப்போன அம்மாவோட அந்த நெரிசல்லயே உக்காந்திருந்தேன். சைமன் அது தெரியாம இன்னும் கெஞ்சிக்கிட்டு இருந்தான். கண்ணாடி வழியா அவனையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அடக்கம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு, அம்மா கடைசியா என்ன சொல்லுச்சுன்னு கேட்டான். சொன்னேன். அதை அவனைத் தவிர வேற யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. அப்பாகிட்டக்கூட. அதை எல்லாம் சேர்த்து எழுதினான். எழுதி, அடிச்சு, குறைச்சு, மறுபடியும் எழுதினான். என்னை உக்கார வச்சுப் படிச்சுக் காட்டினான். இங்கிலீஷ்தான், எனக்குப் புரியும். டூரிஸ்ட்டுக்கு மெத்தை விரிக்கிறவளுக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் வந்துரும். ஓடுறவன் முன்னால ஓடிக்கிட்டே இருக்கான், பின்னால அம்மா போயிருச்சு, அதான் கதை. நான் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். இதை அனுப்பி அந்த எம்.ஏ.வுக்கு அப்ளை பண்ணப் போறேன்னான்.

அந்த வருஷம் அது நடக்கல. மெஸ்ல ஈரப் படியில வழுக்கி, கொதிக்கிற சாம்பார் அண்டாவோட அப்பா விழுந்துட்டாரு. தொடையில இருந்து கணுக்கால் வரைக்கும் வெந்துபோச்சு. ஆஸ்பத்திரி, கட்டு, மருந்து, அப்புறம் வீட்டுல படுக்கை. என் ஒருத்தி சம்பளத்துல எத்தனை வாய்? சைமன் டியூஷன் எடுக்கக் கெளம்பினான்.

நம்ம ஊர் போர்டிங் ஸ்கூல் பிள்ளைங்க நெறைய பேரு வெளிநாட்டுக் காலேஜுக்குப் போகும். போறதுக்கு மார்க் மட்டும் பத்தாதாம், தன்னைப் பத்தி ஒரு கட்டுரை எழுதி அனுப்பணுமாம். அதைத் திருத்திக் குடுக்க ஆள் வேணும். மொதல்ல இவன் திருத்தத்தான் செஞ்சான், சத்தியமா. கமாவை எடுத்தான், வரியை வெட்டினான். ஆனா வெட்டினா உள்ள ஒண்ணுமே இல்ல. லீவுக்கு எந்த நாட்டுக்குப் போனோம், என்ன கப் வாங்கினோம். படிச்சதும் மனசுல நிக்கிற மாதிரி ஏதாவது பட்ட கஷ்டம் வேணும்னு அந்தப் பிள்ளைங்களுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. எங்க போகும் பாவம்? எங்க வீட்டுல அதைத் தவிர வேற எதுவும் ஸ்டாக் இல்ல. இவன் எடுத்துக் குடுத்திருக்கான்.

இதெல்லாம் எனக்குப் பின்னாடி தெரிஞ்சது. அப்ப நான் கேட்டதெல்லாம், "இப்பத்தான் கம்ப்யூட்டரே எழுதித் தருதாமே, உன்னை எதுக்குடா தேடி வர்றாங்க?"ங்கிறதுதான். "அதைக் கண்டுபிடிச்சிருவாங்கக்கா. அதுக்கு அம்மா கெடையாதுல்ல"ன்னான். நான் ஏதோ ஜோக் அடிக்கிறான்னு நெனச்சுச் சிரிச்சேன்.

சுவாமிநாதன்னு சென்னையில பெரிய பிசினஸ்காரர். அவர் மகளுக்கு அமெரிக்காவுல சீட்டு கெடச்சிருச்சுன்னு, அந்தப் பொண்ணும் அவ அம்மாவும் ஒருநாள் எங்க வீட்டுக்கே வந்தாங்க. பெரிய ஸ்வீட் பாக்ஸ். அந்தம்மா எங்க ஓட்டை நாற்காலியில கூச்சப்படாம உக்காந்து, என் கையால டீ வாங்கிக் குடிச்சாங்க. அம்மா படத்தைப் பார்த்து, "அச்சச்சோ, எப்போ?"ன்னு கேட்டாங்க. "உங்க தம்பிக்குக் கையில ஏதோ இருக்குங்க, அந்தக் கட்டுரையைப் படிச்சு நான் அப்படி அழுதேன்"னாங்க. எனக்குப் பெருமை தாங்கல. இன்னொரு டம்ளர் டீ ஊத்திக் குடுத்தேன்.

அடுத்த வருஷம் அப்பா கொஞ்சம் தடி ஊணி நடக்க ஆரம்பிச்சதும் சைமன் எம்.ஏ.வுக்கு அப்ளை பண்ணினான். அம்மாவைப் பத்தின அந்தக் கட்டுரையைத்தான் அனுப்பினான். பட்டியல்ல பேர் வந்துச்சு. கடைசி கட்டம் இண்டர்வியூ, வீடியோவுல. இது ஒண்ணு முடிஞ்சா சீட்டும் உண்டு, படிப்புச் செலவும் அவங்களே பார்த்துக்குவாங்க. எங்க வீட்டுல இருந்து ஒருத்தன் மலையை விட்டு, மெஸ்ஸை விட்டு, லாண்டரியை விட்டு வெளிய போற வழி அது ஒண்ணுதான். இது தவறினா அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்ற வசதி எங்களுக்கு இல்ல, அவனுக்கும் அது தெரியும்.

வீட்டுல சிக்னல் சரியாக் கெடைக்காது. மேனேஜர்கிட்ட சொல்லி, ரிசார்ட்ல மத்தியானம் வரைக்கும் ஆள் வராத ரூம் ஒண்ணை வாங்கினேன். லேப்டாப் அவன் கூடப் படிச்சவனோடது. அப்பாவோட கல்யாணக் கோட்டை அயர்ன் பண்ணிப் போட்டு உக்கார வச்சேன். நான் கேமராவுல தெரியாம கட்டில் ஓரமா உக்காந்து தலையணை உறை மாத்துற மாதிரி மாத்திக்கிட்டு இருந்தேன். கை அதைச் செஞ்சுச்சு, காது பூரா அங்கதான்.

மூணு பேரு. நரைச்ச முடியைக் குட்டையா வெட்டின ஒரு மேடம், கண்ணாடி போட்ட ஒரு சார், இன்னொருத்தர் பேசவே இல்ல. என்ன படிச்சே, யாரைப் படிச்சேன்னு கேட்டாங்க. நல்லாத்தான் சொன்னான். மேடம் ரெண்டு தடவை சிரிச்சாங்க. மாதாவே, முடிஞ்சுது, கெடச்சிருச்சுன்னு நெனச்சேன். அப்ப அந்த சார், "நீங்க அனுப்பின கட்டுரையைப் பத்தி ஒண்ணு கேக்கணும்"னாரு. இதே கட்டுரை போன வருஷமே இண்டர்நெட்ல வந்திருக்கு, வேற பேர்ல, மாணவர்களுக்கான ஒரு போட்டியில பரிசும் வாங்கியிருக்குன்னு சொல்லி, அந்தப் பக்கத்தைத் திரையில காட்டினாரு.

சுவாமிநாதன் மகளோட சிரிச்ச மூஞ்சி. கீழ எங்கம்மா சாவு. ஆம்புலன்ஸ், வெள்ளி அருவி, ஏத்தி விட்ட கார்க் கண்ணாடி. ரோட்டுல ஓடுறது மட்டும் பையன் இல்ல, பொண்ணு. கடைசியில அம்மா கேக்குது, அடுப்ப அணைச்சியான்னு.

என் காதுல எங்கம்மா சொன்ன வார்த்தை அது. எவளோ ஒருத்தி தன் அம்மா சொன்னதா எழுதி கப் வாங்கியிருக்கா. அந்த அம்மாக்காரி குத்துக்கல்லாட்டம் எங்க வீட்டுல உக்காந்து டீ குடிச்சிட்டுப் போனாளே! தான் செத்ததாப் படிச்சு அழுதேன்னுல்ல அன்னைக்கு என்கிட்டச் சொல்லியிருக்கா! எனக்கு உடம்பு பூரா பத்திக்கிட்டு வந்துச்சு. தலையணையைப் போட்டுட்டுப் போய் கேமரா முன்னாடி நின்னேன். "சார், இது எங்கம்மா சார். நான் இவன் அக்கா. நான்தான் சார் உள்ள உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணோட அம்மா உயிரோட இருக்காங்க சார், என் கையால டீ குடிச்சாங்க"ன்னு இங்கிலீஷும் தமிழுமாக் கொட்டினேன். அந்த மேடம் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நம்பின மாதிரிதான் இருந்துச்சு.

"அப்ப அது எப்படி அவங்க பேர்ல வந்துச்சு?"ன்னு அந்த சார் சைமன்கிட்டக் கேட்டாரு.

"நான் எடிட் பண்ணிக் குடுத்தேன்"னான்.

"எடிட் பண்ணினீங்களா, எழுதினீங்களா?"

"எழுதினேன்"னான். அமெரிக்காவுக்குப் போனது இங்க யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சு அதையே இவங்களுக்கும் அனுப்பியிருக்கான்.

அப்ப அதை எழுத்துல தருவீங்களா, அந்தப் பொண்ணு சேர்ந்த காலேஜுக்குத் தெரியப்படுத்தணும்னாரு அந்த சார். சைமன் மாட்டேன்னுட்டான். நான் பக்கத்துல நின்னு அவன் தோளை இடிக்கிறேன், தர்றேன்னு சொல்லுடா, சொல்லித் தொலைடான்னு. "அந்தப் பொண்ணு சின்னப் பிள்ளை சார். அது கேக்கல, நானாத்தான் குடுத்தேன்"னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஊரான் பிள்ளைக்குப் பார்க்கிறானே, தன் பொழப்பு எரியிறப்ப!

மேடம்தான் எதையோ யோசிச்சுட்டு, மத்த ரெண்டு பேர்கிட்டயும் மெதுவாப் பேசினாங்க. அப்புறம் சொன்னாங்க. அந்தக் கட்டுரையை எடுத்துக்க முடியாது. ஆனா உங்ககிட்ட எழுத்து இருக்குன்னு எனக்குத் தெரியுது. ஒரு மணி நேரம் தர்றோம். உங்க வாழ்க்கையில இருந்து ஒரு பக்கம். வேற யார் பேர்லயும் எங்கயும் இல்லாத ஒரு பக்கம். எழுதி அனுப்புங்க, அதை வச்சு முடிவு பண்றோம். இவ்வளவு நல்ல மனசு யாருக்கு வரும்? நான் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டேன். திரை அணைஞ்சுபோச்சு.

"எழுதுடா, எழுது"ன்னு நாற்காலியைத் தள்ளி விட்டேன். சண்டையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்னு மனசைக் கல்லாக்கிக்கிட்டேன். அவன் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். விரல் அசையல.

"அப்பா விழுந்ததை எழுது."

"குடுத்துட்டேன்க்கா."

"என்னது?"

"போன வருஷம் ஒரு பையனுக்கு. அவங்க வீட்டுச் சமையல்காரர் விழுந்ததா. அவன் பக்கத்துல உக்காந்து மருந்து போட்டு விட்டதா எழுதிக் குடுத்தேன்." சாம்பாரைத் தாண்டிக் குதிச்சு ஓடின பயலுகதான் அந்த ஸ்கூல்ல, அப்பா சொல்லியிருக்காரு. மருந்தாம்!

"சரி. அம்மா லாண்டரியில கை ஊறினதை எழுது. அதைத்தான் சார் பாராட்டினாரு."

"அது மொதல்லயே போயிருச்சு."

"மழையில நம்ம வீட்டுச் சுவர் இடிஞ்சு, பள்ளிக்கூடத்துல போய்ப் படுத்தோமே?"

தலையை ஆட்டினான். எனக்கு இப்பப் பயம் வந்துருச்சு. ஒவ்வொண்ணா யோசிச்சு யோசிச்சுச் சொல்றேன். சித்தப்பா குடிச்சே செத்தது. கிளாவரை மலைக்கிராமத்துல பூண்டு எடுக்கிற வேலைக்குப் போய் அட்டை கடிச்சு நான் காய்ச்சல்ல கெடந்தது. இவனை ஹாஸ்டல்ல மலைக்காரன்னு கேலி பண்ணினது. குடுத்துட்டேன், குடுத்துட்டேன், குடுத்துட்டேன். ஒரு மனுசன் பொறந்ததுல இருந்து பட்டதை எல்லாம் கூறு கூறாக் கட்டிக் குடுத்துட்டு உக்காந்திருக்கான். "உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா"ன்னு சொல்லுவாங்களே, அதை அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன். "சந்தோசமா ஏதாவது நடந்ததை எழுதேன்டா"ன்னேன். யோசிச்சான். ஒண்ணும் வரல அவனுக்கு.

"இதையே எழுது. குடுத்துட்டேன்னு எழுது"ன்னேன். "அந்தப் பிள்ளைங்க பேர் எல்லாம் வெளிய வந்துரும்க்கா, யாரு எவருன்னு தேடிருவாங்க"ன்னான். பேர் இல்லாம எழுதுடான்னேன். ரெண்டு வரி அடிச்சான். அடிச்ச வேகத்துல அழிச்சான். அவன் கைக்குத் தன் கதையைத் தன் பேர்ல எழுதுற பழக்கமே விட்டுப்போச்சோ என்னமோ.

அப்பத்தான் நான் அதைச் சொன்னேன். எங்க வீட்டுல யாரும் வாயெடுத்துப் பேசாத விஷயம் அது. என்னை ஆடலூர்ல மிளகுத் தோட்டக்காரங்க வீட்டுல கட்டிக் குடுத்திருந்தாங்க. எனக்கு ஒரு ஆம்பளைப் பிள்ளை பொறந்து, அழாமலே போயிருச்சு. ஞானஸ்நானம் குடுக்க அதுக்கு உயிர் இல்ல. பேரும் வைக்கல. அந்த மூஞ்சியை நான் ஒரு தடவைதான் பார்த்தேன், மூக்கு எங்கப்பா மூக்கு. சின்னப் பெட்டி ஒண்ணுல வச்சு, கல்லறைத் தோட்டத்துல ஓரமா ஒரு இடத்துல அடக்கம் பண்ணினாங்க. அந்தப் பெட்டியைத் தன் கையில தூக்கிக்கிட்டுப் போனவன் சைமன். கொஞ்ச நாள்ல அந்த வீட்டுக்கு நானும் வேண்டாதவளாயிட்டேன்.

"என் பிள்ளையைப் பத்தி எழுதுடா"ன்னேன். "எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. நீதானே தூக்கிட்டுப் போன? உனக்குத் தெரியும்ல எல்லாம். எழுது."

அவன் என் மூஞ்சியைப் பார்க்கல.

"சைமா, நேரம் போகுதுடா."

"அக்கா..."ன்னான். அதுக்கு மேல அவன் சொல்லவே வேண்டாம், எனக்குப் புரிஞ்சுபோச்சு. இருந்தாலும் அவன் வாயால கேக்கணும்னு நின்னேன்.

"அதையும் குடுத்துட்டேன்க்கா."

"யாருக்கு?"

"பெங்களூர்ப் பையன் ஒருத்தன். அவன் அக்காவோட பிள்ளைன்னு எழுதிக் குடுத்தேன்."

"அவனுக்கு அக்கா இருக்காளா?"

"இல்ல. ஒத்தைப் பிள்ளை."

"சீட்டு கெடச்சுச்சா அவனுக்கு?"

"கெடச்சிருச்சு."

நான் கட்டில்ல உக்காந்துட்டேன். ஒரு மணி நேரமும் முடிஞ்சுபோச்சு, ஒரு வரி போகல. அந்த மேடம் இன்னும் கொஞ்ச நேரம்கூடக் காத்திருந்திருப்பாங்க, மெயில் ஒண்ணு வந்துச்சு, அனுப்புறீங்களான்னு. இவன் பதில் போடல. அதோட அந்த சீட்டு போச்சு. இப்ப ஏரிப் பக்கம் ஒரு சாக்லேட் கடையில தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறான், வர்றவங்ககிட்ட அழகா இங்கிலீஷ் பேசுறான், அப்பா ஆசைப்பட்ட மாதிரி. எவன் எழுதித் தரச் சொல்லி வந்தாலும் இப்ப முடியாதுன்னு அனுப்பிடுறான்.

ஆனா அன்னைக்கு அந்த ரூமை விட்டு நாங்க உடனே வரல. லேப்டாப்பை மூடி வச்சிட்டு அவன் தரையில உக்காந்திருந்தான். நான் அவனைத் திட்டக்கூட இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு அவனாத்தான் சொன்னான்.

"அதுல பிள்ளைக்குப் பேர் வச்சிருக்கேன்க்கா. மொதல்ல பேர் இல்லாமத்தான் எழுதினேன். பேர் இருந்தாத்தான் படிக்கிறவங்களுக்கு மனசுல நிக்கும்னான் அந்தப் பையன். எழுதுற எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. வச்சேன்."

பெத்த நான் வைக்காத பேரு. யாரோ ஒரு பணக்காரப் பையனோட கட்டுரையில, எந்த நாட்டுலயோ ஒரு ஆபீஸ்ல, என் பிள்ளைக்குப் பேர் இருக்கு.

"என்ன பேருடா?"ன்னேன்.

சொன்னான்.

எனக்கு அவனை அடிச்சுக் கொல்லணும் போல இருந்துச்சு. அதை விட, அந்தப் பேரை இன்னொரு தடவை கேக்கணும் போல இருந்துச்சு. "இன்னொரு தடவை சொல்லுடா"ன்னேன்.